கொடிமலையில் கேட்க நினைத்தது

மலை ரயிலுக்கு வரிசையில் நிற்கும்போதே கேட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, வேண்டாம் என்று அடுத்த நினைப்பே அதை உட்கார வைத்துவிட்டது. அடிவாரத்தில் கேட்டு இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் இருட்டும் வரைக்கும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சூரியனை யார் பார்ப்பது. மேலே போய்க் கேட்போம். மேலே காற்று குளுகுளுவென்று இருக்கும் என்று தவமணி சொல்லியிருக்கிறாள். தவமணி எங்கள் கைடு, பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், மஞ்சள் குடையை விரிக்காமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி காலையிலிருந்து எங்கள் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருகிறாள். "ஆண்ட்டி, அங்கிள், எல்லாரும் என் குடைய பாத்துக்கிட்டே வாங்க. கொடிமலை மேல ஏறி சன்செட் பாத்துட்டு, ஊரு லைட்டெல்லாம் பாத்துட்டு எறங்கிடலாம். ஒண்ணும் அவசரம் இல்ல லா." அவசரம் எனக்குத்தான். நாளைக்குக் காலையில் விமானம், ராத்திரி ரயில், மறுநாள் கோவில்பட்டி. வீட்டுக்குள் காலை வைத்ததும் இவர் பழைய சங்கரபாண்டியன் ஆகிவிடுவார், மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ரிட்டயரான, யாருக்கும் வளைந்து கொடுக்காத சங்கரபாண்டியன். இங்கே வேறு ஆள். முழங்கால் வரைக்கும் டவுசர் போட்டிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவருடைய முழங்கால் வெயிலைப் பார்த்து நான் பார்த்ததில்லை. நேற்று பஸ்ஸில் எங்களோடு டூர் வந்த திருப்பூர்க்காரர்களோடு சேர்ந்து கைதட்டிப் பாடினார். "அப்பா வெளியூர்ல வேற ஆளும்மா, அங்க வச்சுக் கேளு" என்று சொல்லித்தான் ஷர்மிளா இந்த டூரையே ஏற்பாடு செய்தாள். மகள்கள் அப்பாக்களை நன்றாகத்தான் படித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் கேட்க வேண்டியவள் நான் அல்லவா. சிங்கப்பூரில் கேட்கலாம் என்று நினைத்தேன், மலாக்காவில் கேட்கலாம் என்று நினைத்தேன், இப்போது கடைசிச் சாயங்காலத்துக்கு வந்து நிற்கிறேன். கேட்க வேண்டியது நீளமானதுகூட இல்லை. என் தம்பி நாயகத்துக்கு என் கிட்னியில் ஒன்றைக் கொடுக்கப்போகிறேன், ஆஸ்பத்திரிக்கு நீங்கள் வந்து சம்மதம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொல்ல இரண்டு நாடு போதவில்லை எனக்கு.

ரயில் என்றார்களே தவிர அது ரயில் மாதிரி இல்லை. பெட்டியின் தரையே படிக்கட்டாக இருக்கிறது, ஒவ்வொரு வரிசை ஆட்களும் முன்வரிசைக்குக் கீழே நிற்கிறார்கள். கிளம்பியதும் வயிறு கீழேயே தங்கிவிட்டது. இவர் குழந்தை மாதிரி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார். "செண்பகம், இங்க பாரு, கம்பியில இழுக்கான். மேல பெரிய மோட்டார் இருக்கும். கரண்டு போச்சுன்னா என்ன பண்ணுவான்?" கரண்டு போவதைப் பற்றி ஆசையாகப் பேசுகிற ஒரே மனிதர் இவர்தான். நான் வயிற்றை நினைத்தேன், கை தானாக இடுப்புக்குப் போனது. இடது பக்கம். இடதைத்தான் எடுப்போம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து இந்தக் கைக்கு வேறு வேலை இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி லேபில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தே காலத்தை ஓட்டியவள் நான், என் நாளில் எத்தனை பேருக்கு ஒன்றுமில்லை, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று சொல்லியிருப்பேன். எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை. மதுரையில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போய் எல்லா டெஸ்டும் எடுத்தாகிவிட்டது. நன்றாகப் பொருந்தியிருக்கிறது. வீட்டுக்குள் பொருந்தாதது உடம்புக்குள் பொருந்தியிருக்கிறது. நாயகத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள், பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கிடையாது, வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கிறான், மீதி நாள் அதன் அலுப்பில் கிடக்கிறான். நான் கொடுக்கலாம் என்கிறார்கள் டாக்டர்கள். ஆனால் கல்யாணமான பொம்பளை கொடுப்பதென்றால் புருஷன் ஆஸ்பத்திரிக் கமிட்டி முன்னால் வந்து உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டுமாம். எனக்கு அங்கேயே கோபம் வந்தது. உடம்பு என்னுடையது, தம்பி என்னுடையவன், இதில் இவர் எங்கே வந்தார். புருஷனுக்குப் பெண்டாட்டி கொடுத்தால் ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது, அக்காள் தம்பிக்கு என்றால் மட்டும் உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரும்மா என்று கேட்கிறது. கோபம் இருக்கட்டும், கோபத்தால் கமிட்டி கலைந்துவிடாது.

பெட்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது, எல்லோரும் ஓவென்று கத்தினார்கள், இவரும் கத்தினார். இருட்டில் எனக்கு நாயகத்தின் முகம்தான் தெரிந்தது, முன்பு இருந்த முகம் இல்லை, இப்போது வீங்கியிருக்கிற முகம். இவருக்கும் அவனுக்கும் ஆகாமல் போனது ஒரு கல்யாணப் பத்திரிகையில் வந்த வினை. ஷர்மிளா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது தாய்மாமன் பெயர் மேலே வந்திருக்க வேண்டும், இவருடைய தங்கை மாப்பிள்ளை பெயர் மேலே வந்து நாயகம் அதற்குக் கீழே இறங்கிவிட்டான். அச்சாபீசில் மாற்றிவிட்டார்கள் என்று இவர் சொன்னார், வேண்டுமென்றே செய்தது என்று அவன் சொன்னான், எது நிஜம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. முகூர்த்தத்தன்று தாய்மாமன்தான் மாலை போட்டுப் பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டும். நாயகம் மண்டபம் வரைக்கும் வந்தான், வாசலில் கார் பக்கத்தில் நின்றுகொண்டான், உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டான். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்தார், ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இவர் பட்டு வேட்டியில் வியர்த்து ஒழுகிக்கொண்டு மேடையில் நின்றார். கடைசியில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனைப் பிடித்து மாலையைப் போட வைத்தோம். "அத்தனை பேர் முன்னாடி என்னைய நிக்க வச்சுட்டாம்லா" என்று இவர், "கீழ போட்டா நான் கீழ்சாதியாக்கா அந்த வீட்டுக்கு" என்று அவன். ஷர்மிளாவுக்கு இரண்டு பிள்ளை பிறந்தாகிவிட்டது, இவர்கள் அந்த முகூர்த்தத்தை விட்டு இன்னும் இறங்கி வரவில்லை. அவனாவது வளைவானா என்றால் அதுவும் இல்லை. கொடுக்கிறேன் என்று சொன்னபோது கட்டிலில் படுத்துக்கொண்டே தலையை ஆட்டினான். "அத்தான் வாயால சரின்னு சொல்லாம எனக்கு வேண்டாம்க்கா. ஒளிச்சு வச்சுக் குடுக்கதுக்கு இது என்ன பலகாரமா?" சாகக் கிடக்கிறவனுக்கு எவ்வளவு வீம்பு பாருங்கள். இரண்டு பேருக்கும் வீம்பைப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு நடுவில் என்னை வைத்திருக்கிறான் கடவுள்.

மேலே நிஜமாகவே குளிர்ந்தது. காட்டு வாசனையும் எங்கேயோ எதையோ வறுக்கிற வாசனையும் கலந்து வந்தது. மலை உச்சியில் முருகன் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே பள்ளிவாசலும் இருக்கிறது. தவமணி கோயில் வாசலில் எங்களை நிறுத்தி, "கும்புட்டு வாங்க, நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள். முருகனை வைத்துக்கொண்டு கேட்கலாமா, சாமி முன்னால் இல்லை என்று சொல்ல இவருக்கு வாய் வராது. ஆனால் அது ஆளை மடக்குகிற வேலை, சாமியையும் சேர்த்து மடக்குகிற வேலை. இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார், உதடு அசைந்தது. என்ன கேட்டிருப்பார். எனக்குத் தெரியாததை இவர் சாமியிடம் கேட்கிறாரே என்று ஒரு சின்ன எரிச்சல், நான் இவருக்குத் தெரியாமல் எவ்வளவு வைத்திருக்கிறேன் என்பது அடுத்த நொடிதான் உறைத்தது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "ஏங்க" என்றேன். "என்ன?" என்று திரும்பினார். நெற்றியில் திருநீறு, முகத்தில் நல்ல வெளிச்சம், சிரிக்கத் தயாராக இருந்த முகம். "ஒண்ணுமில்ல, காதுல துண்டக் கட்டிக்கோங்க, காத்து அடிக்கி" என்றேன். கட்டிக்கொண்டார். சொன்ன சொல்லைக் கேட்கிற மனிதராகத்தான் இருக்கிறார், சொல்லத் தெரியாதவள் நான். அதற்குள் திருப்பூர் ருக்மணி முறுக்கு டப்பாவோடு வந்துவிட்டாள். இந்த ஊரில் பார்த்த மலை, கடல், பாலம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று அவள் எங்களுக்கு முறுக்கு கொடுத்திருக்கிறாள். "எடுத்துக்கங்க அக்கா, நாளைக்கு ஊருக்குப் போறோம், தீர்த்துப்போடோணும்" என்றாள். இவர் இரண்டு எடுத்துக்கொண்டார். முறுக்கு மெல்லுகிற ஆளிடம் கிட்னி கேட்க முடியாது.

எல்லோரும் கைப்பிடிக் கம்பி ஓரமாகப் போய் நின்றோம். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது, அதற்கு அப்பால் கடல், கடலுக்கு மேல் நீளப் பாலம், அக்கரையில் மங்கலாக மலைகள். சூரியனைத்தான் காணோம். இவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தவமணியைக் கூப்பிட்டார். "ஏம்மா, இது கிழக்குல்லா. சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னாலல்லா விழுது?" தவமணி சிரித்தாள். "ஆமா அங்கிள், எல்லாரும் கேப்பாங்க. சூரியன் பின்னாடி காட்டுக்குள்ள போயிடும். இங்க கலர் மாறுறதையும் லைட்டு வர்றதையும்தான் பாக்கணும்." இவ்வளவு தூரம் கூட்டி வந்து அஸ்தமனத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து எல்லோரும் படமும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நேராகப் பார்க்கத் தைரியம் இல்லாதவர்களுக்கு ஏற்ற இடம். கடல் நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போனது. இப்போது கேள், இப்போது கேள் என்று உள்ளே ஒன்று பிடித்துத் தள்ளியது. அப்போதுதான் அந்த இன்னொரு நினைப்பு வந்தது, வந்தது என்று சொல்வது பொய், இத்தனை நாளும் அடியில் கிடந்து, வேறு வழியில்லாமல் மேலே வந்தது. இவர் முடியாது என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமோ. இவர் சம்மதம் சொல்லவில்லை என்றால் நான் படுக்க வேண்டியதில்லை, கிழிக்க வேண்டியதில்லை, பழி இவர் மேல், நான் கண்ணீர் விட்டுக்கொண்டு நல்ல அக்காளாகவே இருந்துவிடலாம். அதற்காகத்தான் இவருடைய கோபத்தைப் பெரிது பெரிதாக நினைத்துக்கொண்டே வந்தேனா. பயம் இவருக்குக் கிடையாது, எனக்குத்தான் பயம். ஆபரேஷன் தியேட்டருக்குள் நடந்து போனவர்களை லேப் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் நல்லபடியாகத்தான் வந்தார்கள், அநேகமாக எல்லோரும், ஒரு பொம்பளை வரவில்லை, கழுத்தில் பவழமாலை போட்டிருந்தவள், அதைக் கழற்றித் தன் மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போனாள், அந்த மாமியார் மாலையை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு கைக்கும் மாற்றி மாற்றி. போதும். நாயகத்தின் கால் வீங்கியிருக்கிறது, விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. நான் பயப்படுகிறேன் என்பதற்காக அந்தக் குழி நிரம்பிவிடாது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, கொடுக்கவும் வேண்டும், இரண்டும் ஒன்றாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கீழே ஊரில் முதல் விளக்குகள் வந்தன. "பாத்தியா, மொத்தமா எரியல" என்று இவர் சொன்னார், குரலில் பழைய வேலையின் சந்தோஷம். "ஏரியா ஏரியாவா போடுதான். இந்தா இது ஒரு லைன், அந்தா கடற்கரை ஓரம் ஒரு லைன்." அடுத்த லைன் எங்கே வரும் என்று விரலை நீட்டிக் காத்திருந்தார். நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"நாயகத்துக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. நான் ஒண்ணு குடுக்கப்போறேன். நீங்க வந்து சம்மதம்னு சொல்லணும்."

நீட்டிய விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டது. நான் அடுத்து வரப்போகிற கத்தலுக்குத் தோளை இறுக்கிக்கொண்டேன், திருப்பூர்க்காரர்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்றுகூடக் கணக்குப் போட்டேன்.

"டெஸ்ட்டெல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"மதுரைக்குப் போறேன் போறேன்னு போனது?"

"அதுக்குத்தான்."

"ஷர்மிளாவுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்ப எனக்குத்தான் கடைசியா." கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கத்தலுக்கு என்னிடம் பதில் அடுக்கி வைத்திருந்தேன். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டது, அவர்கள் போகும் வரைக்கும் இரண்டு பேரும் ஊரையே பார்த்துக்கொண்டு நின்றோம். பாலத்தில் விளக்கு முழுக்க வந்துவிட்டது, இவர் விரல் கம்பியிலேயே இருந்தது. "நீ எந்திரிச்சு வந்துருவியா?" என்று கேட்டார். "வந்துருவேன். அநேகமா எல்லாரும் வந்திருதாங்க" என்றேன். "அநேகமா" என்று திரும்பச் சொன்னார். லேபில், ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வந்த எத்தனையோ பேரிடம் சொன்ன சொல், எதிரே நிற்கிறவர் வாயில் அது என்ன ருசியில் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, மகளிடம்கூட. இவர் என் பக்கம் திரும்பினார். காதில் கட்டிய துண்டோடு பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்னைக்கு மாலை போட வராம வாசல்ல நின்னாம்லா, அது எனக்குச் செரிக்காது. சாகுற வரைக்கும் செரிக்காது." "செரிக்க வேண்டாம்" என்றேன். "அது அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று இவர் சொல்லிவிட்டு மூக்கைத் துண்டில் துடைத்தார். "வந்து சொல்லுதேன். எங்க உக்காரச் சொல்லுதாங்களோ அங்க உக்காந்து சொல்லுதேன்." அவ்வளவுதான். இத்தனை நாள் சுமந்தது இறங்கிவிட்டது, இறங்கிய இடத்தில் லேசாக இருக்கும் என்று நினைத்தேன், காலியாக இருந்தது.

இறங்குகிற ரயிலுக்கு வரிசை நீளமாக இருந்தது. இருட்டிவிட்டது, குளிர் கூடிவிட்டது, ருக்மணியின் டப்பா ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது. தவமணி ஆட்களை எண்ணிக்கொண்டு போனாள், எங்களைத் தாண்டும்போது, "சன்செட் எப்படி இருந்துச்சு அங்கிள்?" என்றாள். இவர் நல்லா இருந்தது என்று தலையாட்டினார். நான் நாயகத்துக்கு என்ன சொல்வது, எப்போது சொல்வது, ஹோட்டலுக்குப் போனதும் போன் போடுவதா, ஊருக்குப் போய் நேரில் சொல்வதா என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, நான்தான் அதை இன்னும் நம்பவில்லை. இவர் முன்னால் நிற்கிறவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படிப் பார்த்தபடியே, "ரெண்டு பேரையும் ஒரே நேரத்துலயா உள்ள கொண்டு போவாங்க?" என்று கேட்டார்.

"ஆமா. பக்கத்துப் பக்கத்துத் தியேட்டர்ல."

"ஷர்மிளா?"

"கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு அவ எப்படி ஆஸ்பத்திரியில வந்து இருப்பா. மாப்பிள்ளைக்கும் லீவு கிடைக்காது."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். மோட்டாரைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ ஏதாவது கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஷர்மிளா பொறக்கதுக்கு உன்னைய உள்ள கொண்டு போனப்ப விடிய விடிய அவன்தான் என்கூட வெளிய உக்காந்திருந்தான்" என்றார். "நீயும் அவனும் உள்ள போயிட்டா நான் யார்கூட உக்காந்திருப்பேன்?"

முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்தும் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன், பிடித்ததும் அழுகை வந்துவிட்டது.